தூக்குச்சட்டிக்குள் நீலம்

ஐம்பத்தொன்று இருக்கிறது. இந்த மெஷின் மிச்ச நிமிடத்தை மட்டும்தான் காட்டும், போனதை நான்தான் கழித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும், இருநூற்று நாற்பதில் ஐம்பத்தொன்று போனால் நூற்று எண்பத்தொன்பது, சரி, நூற்று எண்பத்தொன்பது நிமிடம் போய்விட்டது. இடது கையில் இரண்டு ஊசி. ஒன்றில் ரத்தம் வெளியே போகிறது, இன்னொன்றில் சுத்தமாகித் திரும்பி வருகிறது, கையை அசைத்தால் மெஷின் கத்தும், கத்தினால் ஸ்டெல்லா சிஸ்டர் வந்து, “ஆச்சி, கை,” என்பாள், இரண்டே வார்த்தை, அதற்கே எனக்கு முகம் சுருங்கிவிடும். அசைக்கவில்லை. தலையை மட்டும் வலப்பக்கம் திருப்பியிருக்கிறேன். கதவுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வராந்தா, வராந்தாவில் நீள மேஜை, மேஜைமேல் வெள்ளைத் துணி, துணிமேல் இந்த வார்டில் டயாலிசிஸ் செய்துகொள்கிற நாங்கள் பதினேழு பேர் களிமண்ணில் செய்தவை. நடுவில் இருப்பது என்னுடையது, பலகைமேல் கட்டிய குட்டி உப்பளம். இங்கிருந்து பார்த்தால் பலகையின் ஒரு மூலைதான் தெரிகிறது, பதினான்கு பாத்தியில் மூன்று. டாக்டர்கள் வருகிறார்கள், குனிகிறார்கள், போகிறார்கள். இதுவரை ஒன்பது பேர் குனிந்தாயிற்று. வெள்ளத்தாய் மைனி இன்னும் வரவில்லை. மாசியில் செத்துப்போன சுயம்பு அண்ணாச்சியின் பெண்சாதி. நேற்று நானே போன் பண்ணினேன், பதினோரு தடவை மணி அடித்த பிறகு எடுத்தாள், நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு ஒரு எட்டு வாங்க மைனி, அண்ணாச்சி ஒளிச்சுத் தண்ணி குடிக்கல, கண்ணால காட்டுதேன் என்றேன். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டாள்.

காலையில் எடை நாற்பத்தேழு எழுநூறு. தண்ணீர் எல்லாம் எடுத்த பிறகு என் எடை நாற்பத்தாறு. ஆக திங்கட்கிழமையிலிருந்து இன்றைக்கு வியாழன் வரைக்கும் மூன்று நாளில் உடம்பில் சேர்ந்தது ஒரு கிலோ எழுநூறு. முன்பு இதே மூன்று நாளைக்கு நாலு கிலோ நூறு சேரும். எட்டுத் தடவையாக இரண்டரைக்கு மேல் போகவில்லை. எடை மெஷினில் ஏறும்போது இப்போதெல்லாம் கண்ணை மூடுவதில்லை, நம்பரை நானே வாய்விட்டுச் சொல்கிறேன், சிஸ்டர் எழுதிக்கொள்கிறாள். கிட்னி இரண்டும் ஓய்ந்தவர்களுக்கு உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழி கிடையாது. முதலில் கால் வீங்கும், பிறகு முகம், பிறகு நெஞ்சுக்குள் ஏறும், படுத்தால் மூச்சு வராது. அதனால் ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர்தான் என்று விதி. நான் விதியை மீறவில்லை. டானிக் பாட்டிலின் மூடி இருபது மில்லி, ஒரு மூடி ஒரு மிடறு, இருபத்தைந்து மூடி அரை லிட்டர். குடிக்கக் குடிக்க ஒரு டப்பாவிலிருந்து இன்னொரு டப்பாவுக்குச் சிப்பி மாற்றுவேன். அளத்தில் உப்புப் பெட்டி சுமந்த முப்பத்தொரு வருடமும் அப்படித்தான், ஒரு நடைக்கு ஒரு சிப்பி, மடியின் இடது பக்கத்திலிருந்து வலது பக்கத்துக்கு. ஒருநாள் கண்காணி நூற்றுப் பன்னிரண்டு நடை என்று எழுதினார், என் மடியில் நூற்றுப் பதினான்கு. ஒரு தடவை சொன்னேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டாம் தடவை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த இரண்டு நடை இன்னும் என் தலையில்தான் இருக்கிறது.

இங்கேயும் அதுதான் நடந்தது. சிஸ்டர் அட்டையைப் பார்த்துக் கேட்பாள், தண்ணீர் எவ்வளவு, டீ காபி எவ்வளவு, இளநீர் ஜூஸ் எவ்வளவு, சாப்பாடு என்ன. நான் சொல்வேன், ஐந்நூறு, இல்லை, இல்லை, பழைய சோறு. அவள் எழுதிக்கொள்வாள். எடை மெஷின் நாலு கிலோ நூறு காட்டும். டாக்டர் கோமதிநாயகம் அட்டையைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், கால் வீக்கத்தை விரலால் அமுக்கிக் குழியைப் பார்ப்பார். “ஆச்சி, ஏமாத்தறது என்னை இல்ல, உங்க உடம்ப,” என்பார். நான் ஒரு தடவை சொன்னேன், ஐந்நூறுதான் டாக்டர். அவர் ஃபைலில் சிவப்பு மையில் இங்கிலீஷில் ஒரு வரி எழுதினார். ஏழு வார்த்தை. எனக்கு ஐந்தாம் வகுப்புத் தமிழ்தான், ஆனால் எண்ண வரும். பிறகு ஸ்டெல்லா சிஸ்டர்தான் மெதுவாகச் சொன்னாள், ஒளித்துத் தண்ணீர் குடிக்கிறார், சொல்வதை நம்ப முடியாது என்று எழுதியிருக்கிறது ஆச்சி என்று. பக்கத்து நாற்காலியில் அன்றைக்கு இருந்தது சுயம்பு அண்ணாச்சி. எங்கள் அளத்துக்காரர், வரப்பு கட்டுகிறதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது, மழை கரைத்த வரப்பைக்கூட நூல் பிடித்ததுபோல் நிறுத்துவார். தன் ஃபைலை என் பக்கம் சாய்த்துக் காட்டினார். அதிலும் சிவப்பு. எண்ணிப் பார்த்தேன். அதே ஏழு. “ஒரே அச்சுல அடிச்சிருக்காக போலிருக்கு தங்கபுஷ்பம்,” என்றார், சிரித்தார், சிரித்து முடித்த பிறகு உதடு காய்ந்து பல்லில் ஒட்டிக்கொண்டது, அதைப் பிரிக்கத் தண்ணீர் வேண்டும், கேட்கவில்லை.

நாற்பத்து மூன்று. வராந்தாவில் இரண்டு பேர் குனிகிறார்கள், பதினொன்று. மைனி இல்லை. வராமல் இருந்தால்கூட நல்லதோ. இந்த இடத்தில்தான் நேற்றிலிருந்து என் மனது மாட்டிக்கொண்டு நிற்கிறது, முள்ளில் சேலை மாட்டியதுபோல, இழுத்தால் கிழியும். அண்ணாச்சி பொய்யரில்லை என்று காட்டினால், பிறகு யார் ஊற்றிக் கொடுத்தது என்று மைனி தானே கேட்டுக்கொள்வாளே. நான் அதை யோசிக்காமலா போன் பண்ணினேன். யோசித்தேன். ஏழு நாள் யோசித்தேன். எட்டாம் நாள்தான் பண்ணினேன். வேறு எதையாவது நினை. வாய் காய்கிறது. நாலாவது மணி நேரத்தில் இப்படித்தான், நாக்கு வாய்க்குள் கிடக்கிற ஒரு பொருள்போல ஆகிவிடும், யாரோ வைத்துவிட்டுப் போன செருப்புபோல. அளத்தில் இதைவிட வெயில். ஆனால் அங்கேயும் குடிக்க மாட்டோம், ஒதுங்க இடம் கிடையாது, கண்ணுக்கு எட்டின மட்டும் வெள்ளை, ஒரு புதர் கிடையாது, அதனால் பொம்பளைகள் நாங்கள் காலை ஆறு மணிக்குப் போய் மத்தியானம் வரைக்கும் தண்ணீர் பக்கமே போக மாட்டோம். பத்து மணிக்குச் சாப்பாடு. தூக்குச்சட்டியைத் திறந்தால் பழைய சோறு, மேலே நிற்கிற நீத்தண்ணி, ஒரு கை உப்பு, ஒரு மிளகாய். சோற்றைப் பிழிந்து தின்றுவிட்டு நீத்தண்ணியைச் சட்டியோடு தூக்கி ஊற்றிக்கொள்வோம். அது சாப்பாடு. அதை யாரும் தண்ணீரென்று நினைத்ததில்லை.

ஜெசிமா வந்தது தைக் கடைசியில். காயல்பட்டினத்துப் பிள்ளை, ஆராய்ச்சிப் படிப்பு படிக்கிறது, கலர் கலராகக் களிமண் கொண்டுவந்து ஒவ்வொரு நாற்காலியிலும் பலகை போட்டு வைத்தது. “கேள்வி ஒண்ணும் கேக்கப் போறதில்ல ஆச்சி. தாகம் எப்படி இருக்கும்னு ஒத்தக் கையாலயே செஞ்சு காட்டுங்க, போதும்,” என்றது. டாக்டர் கோமதிநாயகம் அந்தப் பக்கம் போனவர் நின்று, “இது ஆராய்ச்சியா, எல்.கே.ஜி. வகுப்பா?” என்றார். அந்தப் பிள்ளை, “ரெண்டுந்தான் சார்,” என்றது. எதிர் நாற்காலியில் லாரி ஓட்டின அந்தோணி, “ஏக்கா, மண்ணு பெசஞ்சா கிட்னி மொளச்சிருமா?” என்று என்னைக் கேட்டான். அவனே முதலில் பிசைய ஆரம்பித்தான், லாரி செய்தான், லாரிக்கு டிரைவர் சீட்டே இல்லை, முழுதும் தண்ணீர் டேங்க். ஒருத்தர் பானை செய்தார். ஒருத்தர் கொக்கு, வாயைத் திறந்த கொக்கு. சுயம்பு அண்ணாச்சி ஒரு நீளக் கோடு உருட்டினார், இது என்ன என்றால், வரப்பு, அந்தப் பக்கம் தண்ணீர், இந்தப் பக்கம் நான் என்றார். எனக்கு ஒன்றும் வரவில்லை. தாகத்துக்கு என்ன உருவம். வெட்கமாக இருந்தது, எல்லோரும் ஏதோ செய்கிறார்கள், என் கை பலகைமேல் சும்மா கிடக்கிறது. பிறகு நினைத்தேன், எனக்குத் தெரிந்தது கணக்கு, கணக்கைச் செய்வோம். வெள்ளை மண்ணில் பாத்தி கட்டினேன், ஒரு நாளைக்கு ஒரு பாத்தி. ஒரு மிடறுக்கு ஒரு நீல உருண்டை, மிளகு அளவு. வீட்டில் சிப்பி எண்ணிக்கொண்டு வந்து இங்கே உருட்டி வைப்பேன். இரண்டு வாரம், பதினான்கு பாத்தி. பதின்மூன்றில் இருபத்தைந்து உருண்டை. ஒன்றில் மட்டும் இருபத்தேழு, அன்றைக்கு விக்கல், இரண்டு மிடறு கூடக் குடித்தேன், ஒளிக்கவில்லை. மொத்தம் முந்நூற்று ஐம்பத்திரண்டு.

முப்பத்தெட்டு. அளம் என்றால் ஆள் சாப்பிட்ட அடையாளம் வேண்டும், அதனால் ஐந்தாவது தடவை வந்தபோது அழகுக்காக ஒவ்வொரு பாத்தியின் மூலையிலும் ஒரு தூக்குச்சட்டி வைத்தேன், எலுமிச்சங்காய் அளவு. அவ்வளவுதான் நோக்கம். ஜெசிமா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தது. “ஆச்சி, மூடி திறக்குமா?” என்றது. விளையாட்டாகத்தான் கேட்டது. ஆனால் கேட்ட பிறகு திறக்காத மூடியை வைத்துக்கொண்டு எனக்கு இருக்க முடியவில்லை, மூடி என்றால் திறக்க வேண்டும். திறந்தேன். உள்ளே காலி. காலிச் சட்டியை எவளாவது அளத்துக்குத் தூக்கிக்கொண்டு போவாளா. சோறு வைக்க வேண்டும், வெள்ளை மண்ணைக் கிள்ளிச் சோறு செய்தேன். சோற்றுக்குமேல் நீத்தண்ணி நிற்க வேண்டும், இல்லையென்றால் அது பழைய சோறு இல்லை. கை போய் நீலத்தை எடுத்தது. நான் சொல்லி எடுக்கவில்லை. கை தானாகப் போய் எடுத்தது, எடுத்துத் தட்டையாக்கிச் சோற்றின்மேல் வைத்தது, அப்போதுதான் நான் பார்த்தேன். பாத்தியில் இருந்த அதே நீலம். என் நெஞ்சு எப்படி அடித்தது என்றால் மெஷினே கத்தியது. “ஆச்சி, கை,” என்றாள் சிஸ்டர். கை அசையவில்லை சிஸ்டர், என்று முதல் தடவையாக எதிர்த்துச் சொன்னேன், அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஜெசிமாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்குப் போய், காலையில் பழையதைப் பிழிந்து, நீத்தண்ணியை டானிக் மூடியால் அளந்தேன். இருபது மூடி. மத்தியானமும் அப்படியே, இருபது. நாற்பது மூடி, எண்ணூறு மில்லி. நான் எண்ணி எண்ணிக் குடித்தது இருபத்தைந்து, எண்ணாமல் குடித்தது நாற்பது.

அன்றைக்கு அடுப்படியில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். சொல்வதா, வேண்டாமா. சொன்னால் டாக்டர் சொன்னது சரி என்று ஆகிவிடும், தண்ணீர் போகத்தான் செய்திருக்கிறது, நாலு கிலோ நூறு பொய் இல்லை. சொல்லாவிட்டால் நான் செத்துப்போவேன், பொய்க்காரி என்ற பெயரோடு. மூன்று நாள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தேன். மூன்றாம் நாள் ராத்திரி தெளிந்தது. டாக்டர் எடை பார்த்தது சரி. நான் எண்ணியதும் சரி. கேட்ட கேள்வியில்தான் சட்டி இல்லை. நீத்தண்ணியை நிறுத்தினேன், சோற்றை வடித்துப் பிழிந்துதான் தின்றேன். அடுத்த மூன்று நாளுக்கு ஒரு கிலோ எழுநூறு. நாலு கிலோ நூறிலிருந்து ஒரு கிலோ எழுநூறு போனால் இரண்டு நானூறு. எண்ணூறு மில்லி மூன்று நாளைக்கு இரண்டு நானூறு. ஒரு துளி பிசகவில்லை. காகிதத்தில் போட்டுப் பார்த்து, அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், கல்யாணப் பத்திரிகையைப் பார்ப்பதுபோல. தாகம்கூடக் குறைந்தது, கை உப்பும் அல்லவா அதோடு போயிற்று. ஒவ்வொரு சட்டிக்குள்ளும் நாற்பது உருண்டை போட்டு ஜெசிமா முன்னால் பதினான்கு மூடியையும் வரிசையாகத் திறந்தேன். அந்தப் பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டது. அந்த வாரமே உப்பளத்து ஆட்களை ஒவ்வொருவராகப் பார்த்துத் தூக்குச்சட்டியைப் பற்றிக் கேட்டது. பதினேழு பேரில் உப்பளத்துக்காரர்கள் ஒன்பது. ஒன்பது பேருக்கும் சட்டி இருந்தது. ஒன்பது பேர் ஃபைலிலும் சிவப்பு இருந்தது. நான் ஒளித்துக் குடிக்கிறேன் என்று என் மகன் ஃபிரிட்ஜுக்குப் போட்டிருந்த பூட்டைக் கழற்றிச் சாவியை என் கையில் கொடுத்தான், தலையைக் குனிந்துகொண்டு போனான். ஆனால் சுயம்பு அண்ணாச்சி அதற்கு இரண்டு வாரம் முன்பே போய்விட்டார். நெஞ்சில் தண்ணீர். கடைசி நாள் மைனி அவர் கட்டிலுக்கடியில் கைவிட்டுப் பாட்டில் தேடினாள், எல்லோரும் பார்க்கும்படி. “எங்க ஒளிச்சு வச்சிருக்கீரு, சொல்லும், சாவப்போற நேரத்துலயுமா?” அவர் மூச்சு இழுத்து இழுத்து, “குடிக்கலட்டி,” என்றார். அதையே நாலு தடவை சொன்னார். பிறகு சொல்லவில்லை.

முப்பத்து நான்கு. அதோ. நரைத்த தலை, ஊதாச் சேலை, கையில் மஞ்சள் பை. மைனிதான். ஜெசிமா கையைப் பிடித்து மேஜைக்குக் கூட்டிப் போகிறது. எழுந்து ஓட முடியாது, இரண்டு ஊசி. அவள் குனிகிறாள். பன்னிரண்டாவது ஆள். ஜெசிமா ஏதோ சொல்கிறது, உதடு தெரிகிறது, சத்தம் தெரியவில்லை. மைனி ஒரு மூடியை எடுக்கிறாள். எந்தப் பாத்தி என்று தெரியவில்லை, இங்கிருந்து தெரிகிற மூன்றில் ஒன்று இல்லை. மூடியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நிற்கிறாள். ஒரு நிமிடம். இரண்டு. மெஷினைப் பார்த்தால் முப்பத்திரண்டு, மறுபடி பார்த்தால் முப்பத்தொன்று. வைத்துவிட்டாள், அதே சட்டிமேல், அதே மாதிரி. கதவு திறக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டு வருகிறாள், இங்கே யாரும் கழற்றுவதில்லை. “மைனி,” என்றாள், அவளுக்கு நானும் மைனிதான். “வாங்க மைனி,” என்றேன். நாற்காலியில் உட்காரவில்லை, என் கால்மாட்டில் நின்றாள். “அதுக்குள்ள இருக்கது நீத்தண்ணியா?” “ஆமா.” “ஒரு நாளைக்கு நாப்பது மொடக்குன்னு அந்தப் பிள்ள சொல்லுது.” “அது நான் அளந்த என் கணக்கு. அண்ணாச்சிக்கு எவ்வளவுன்னு தெரியாது.” “அவுக சட்டி பெருசு,” என்றாள். அவள் கண் என் கையில் இருக்கிற குழாயைப் பார்த்தது, குழாயோடு போய் மெஷினைப் பார்த்தது, திரும்பி வந்தது. “தண்ணிக் கொடத்துக்கு மூடி போட்டுக் கயித்தால கெட்டி வச்சேன் மைனி. சட்டிய நானே நெறச்சுக் குடுத்தேன். தெம்பா இருக்கட்டும்னு உப்பும் ஒரு கை கூடப் போட்டு.” இதற்குத்தான் பயந்தேன், இதற்குத்தான் ஏழு நாள். அவள் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள். “அப்ப அவுக பொய் சொல்லல.” “சொல்லல மைனி.” “ஊத்துனது நான். அது ஏம்பாடு, நான் பாத்துக்கிடுதேன். அவுக பொய் சொல்லல. முப்பத்தெட்டு வருசம் ஒரு பொய்யங்கூடவா கெடந்தேன்னு மாசியில இருந்து எனக்குச் சோறு எறங்கல தெரியுமா.” சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள், வெகுதூரம் நடந்து வந்தவள் உட்காருவதுபோல, காலை நீட்டி. நான் வலது கையை நீட்டினேன். பிடித்துக்கொண்டாள். அவள் கை ஈரமாக இருந்தது, என் கை காய்ந்திருந்தது.

இருபத்தெட்டாகும்போது டாக்டர் கோமதிநாயகம் உள்ளே வந்தார், கையில் என் ஃபைல். நின்றுகொண்டே பேசுகிறவர், இன்றைக்கு ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். “ஆச்சி, இதப் பாருங்க,” என்று பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். சிவப்பு வரியின்மேல் நீல மையில் ஒரு கோடு. ஏழு வார்த்தையும் அடிபட்டிருக்கிறதா என்று எண்ணினேன். ஏழும் அடிபட்டிருந்தது. பக்கத்தில் கையெழுத்து, தேதி. “நான் கேட்டது தப்பு. அட்டைய மாத்தணும். என்னன்னு கேக்கணும், நீங்களே சொல்லுங்க,” என்றார். எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள், அந்தோணி தலையைத் தூக்கிப் பார்க்கிறான், எனக்குக் காது சுடுகிறது. “தண்ணி எவ்வளவுன்னு மட்டும் கேக்காதீங்க டாக்டர். தூக்குச்சட்டியில என்ன கொண்டு போறீங்கன்னு கேளுங்க. அத வடிச்சு அளக்கச் சொல்லுங்க.” அவர் அப்படியே எழுதிக்கொண்டார், நான் சொன்ன வார்த்தையை மாற்றாமல். எழுதி முடித்து எழப்போனார். நூற்றுப் பதினான்கு, என்று எனக்குள் ஏதோ சொல்லிற்று, நூற்றுப் பன்னிரண்டு இல்லை, நூற்றுப் பதினான்கு. “டாக்டர்,” என்றேன். “சுயம்பு அண்ணாச்சி ஃபைல்லயும் அந்த வரி இருக்கு.” “அவர்தான் இறந்துட்டாரே ஆச்சி. அது ரெக்கார்டு ரூமுக்குப் போயிருக்கும்.” “அவுக இறந்துட்டாக. வரி இருக்குல்லா.” அவர் என்னைப் பார்த்தார், மைனியைப் பார்த்தார். “நாளைக்கு எடுக்கச் சொல்றேன்,” என்றார். இரண்டாம் தடவை. இதுதான் இரண்டாம் தடவை. “இன்னைக்கே எடுத்துட்டு வாங்க டாக்டர். எனக்கு இன்னும் இருபத்தேழு நிமிசம் இருக்கு. எங்கயும் போவ மாட்டேன்.” முதலில் சிரித்தது அந்தோணி. பிறகு ஸ்டெல்லா சிஸ்டர். டாக்டரும் சிரித்துவிட்டார், சிரித்துக்கொண்டே ஜெசிமாவைப் பார்த்துக் கையைக் காட்டினார், அந்தப் பிள்ளை ஓடிற்று, வராந்தாவில் அது ஓடுகிற சத்தம் படி இறங்குகிற வரைக்கும் கேட்டது.

இருபது. பதினாறு. பதின்மூன்று. இந்த மெஷினில் எண் இறங்குவதை இப்படிச் சந்தோஷமாக நான் பார்த்ததே இல்லை. ஆறு இருக்கும்போது தூசி தட்டிக்கொண்டே ஃபைல் வந்தது. டாக்டர் பக்கம் தேடினார், நான் தேடவில்லை, சிவப்பு எனக்கு இங்கிருந்தே தெரிந்தது. பேனாவைத் திறந்தார். மைனிக்கு எழுத்து தெரியாது, எட்டிப் பார்த்துவிட்டு என் கையை அமுக்கினாள். “அடிச்சாச்சா மைனி?” கையை அசைக்காமல் தலையை மட்டும் தூக்கிப் பார்த்தேன், முதல் வார்த்தையிலிருந்து கடைசி வார்த்தை வரைக்கும் எண்ணிக்கொண்டே போனேன், ஏழு. “அடிச்சாச்சு,” என்றேன். “ஒரே கோடு. அண்ணாச்சி கட்டுன வரப்பு மாதிரி, நேரா.”